யாபேஸ்: ஒரு தாயின் வேதனையும் ஒரு மகனின் ஜெபமும்



உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சாமுவேல் என்று நான்கு பேராவது இருப்பார்கள். டேனியல், ஜோயல், ஜோஷுவா, ஆரோன் ஆகியோருக்குக் குறைவில்லை. இவர்களுக்கு நடுவே எங்கேனும் ஒரு ஜாபேஸ் இருந்தால் சற்று நின்று அவனைப் பாருங்கள். ஏனெனில் அந்தப் பிள்ளைக்கு அப்பெயர் எளிதில் கிடைத்திருக்காது. பிரதிஷ்டை ஆராதனைக்கு முந்தைய நாள் இரவுவரை வீட்டில் விவாதம் நடந்திருக்கும். "அந்தப் பெயருக்குத் துக்கம் என்றல்லவா பொருள்? தெரிந்தே பிள்ளையின் தலையில் துக்கத்தை வைக்கலாமா?" என்று ஊரிலிருந்து பெரியவர்கள் தொலைபேசியில் கேட்டிருப்பார்கள். "யாபேசின் ஜெபத்துக்குக் கர்த்தர் பதில் கொடுத்தாரே, அதைவிட ஆசீர்வாதமான பெயர் ஏது?" என்று பெற்றோர் பதில் சொல்லியிருப்பார்கள்.

இருதரப்பும் சொல்வது வேதத்தில் உள்ளதே. ஆயினும் பெயரின் வரலாற்றை அறிந்துகொண்டால், அஞ்சுகிறவர்கள் அஞ்சுவதற்கும் ஆசைப்படுகிறவர்கள் ஆசைப்படுவதற்கும் வேறு காரணங்கள் உண்டு என்பது விளங்கும்.

வேதாகமத்தில் யாபேஸ் வருவது இரண்டே வசனங்களில்தான் (1 நாளா. 4:9,10). நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் வம்ச அட்டவணைகள். இவன் அவனைப் பெற்றான், அவன் மற்றொருவனைப் பெற்றான் என்று பெயர்கள் அடுக்கடுக்காகச் செல்லும். நம்மில் பலர் வருடாந்தர வேதவாசிப்பில் வேகமாகக் கடந்துபோகும் பகுதி இது. அந்த வரிசையின் நடுவே திடீரென்று ஒரு மனிதன் நிற்கிறான். அவனுடைய தகப்பன் இன்னார் என்று சொல்லப்படவில்லை. மனைவி இன்னாள், பிள்ளைகள் இன்னார் என்றும் இல்லை. தகப்பன் பெயரே அடையாளமாயிருக்கும் பட்டியலில், நம் வழக்கப்படி சொன்னால், இனிஷியல் இல்லாத மனிதன் அவன். பெற்றோரில் அவனுடைய தாய் மட்டுமே குறிப்பிடப்படுகிறாள். அவள் பெயரும் எழுதப்படவில்லை. அவள் அவனை நோவோடு பெற்றாள் என்பதும், அந்த நோவையே பெயராக்கினாள் என்பதும் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன.

எபிரெயத்தில் இப்பெயர் ஏறக்குறைய "யாபெட்ஸ்" என்று ஒலிக்கும். வேதனையைக் குறிக்க அந்தத் தாய் பயன்படுத்திய சொல் "ஓட்செப்". முதலிலுள்ள "ய" ஒலியை நீக்கிவிட்டால் பெயரிலுள்ள மெய்யெழுத்துக்கள் ஆயின், பேத், ட்சாதே. வேதனை என்னும் சொல்லிலுள்ளவை ஆயின், ட்சாதே, பேத். அதே மூன்று எழுத்துக்கள்தான். கடைசி இரண்டு மட்டும் இடம் மாறியிருக்கின்றன. ஆகவே பெயருக்கு "துக்கம்" என்று நேர்ப்பொருள் சொல்லிவிடுவது முழுமையாகச் சரியல்ல. வேதனை என்னும் சொல்லை நினைவூட்டும்படி ஒலிக்கும் பெயர் என்பதே துல்லியம். தாய் வேதனையைச் சொன்னாள், ஆனால் எழுத்தைக் கலைத்துச் சொன்னாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆதியாகமம் 3:16-ல், பாவத்தின் விளைவாக ஏவாள் பிள்ளைப்பேற்றில் அனுபவிக்கப்போகும் நோவைக் குறித்துத் தேவன் பேசும்போதும் இதே வேர்ச்சொல்தான் வருகிறது. யாபேசின் தாய் தன் அனுபவத்தை ஏவாளின் அனுபவத்தோடு சேர்த்துப் பேசுகிறாள் என்றே எண்ணத் தோன்றுகிறது. அவளுடைய வேதனை உடலின் நோவு மட்டும்தானா, அல்லது தகப்பனின் பெயரே இல்லாத அந்த வீட்டில் வேறு ஏதேனும் இருந்ததா என்று வேதம் விவரிக்கவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லவும் வழியின்றி, மொழி தெரியாத நகரத்தின் அரசு மருத்துவமனையில் தனியே பிள்ளை பெற்ற சகோதரிகள் நம் வாசகர்களில் அநேகர் உண்டு. அவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

இனி அந்த ஜெபத்துக்கு வருவோம். அவன் நான்கு காரியங்களைக் கேட்கிறான்: ஆசீர்வாதம், எல்லையின் விரிவு, தேவனுடைய கரத்தின் துணை, தீமையிலிருந்து காவல். இரண்டாவது விண்ணப்பத்தை நாம் மனப்பாடமாக அறிவோம். நான்காவதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறோம். தீமை தன்னை நோகச் செய்யக்கூடாது என்று அவன் கேட்கும் இடத்தில், தன் பெயருக்குள் இருக்கும் அந்த வேதனைச் சொல்லையே எடுத்து ஜெபிக்கிறான். பெயரை மாற்றும்படி அவன் கேட்கவில்லை. ஆபிராம் ஆபிரகாமானான், யாக்கோபு இஸ்ரவேலானான், ராகேல் சாகும் தருவாயில் பெனொனி என்று அழைத்த பிள்ளையைத் தகப்பன் பென்யமீன் என்று அழைத்தான் (ஆதி. 35:18). யாபேசுக்கு அப்படிப்பட்ட தகப்பன் இல்லை. தேவனும் வேறு பெயர் கொடுக்கவில்லை. வேதனையின் பெயரோடேயே கேட்டான். அந்தப் பெயரோடேயே பெற்றுக்கொண்டான்.

எல்லையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளாகமம் கோரேசின் கட்டளையோடு முடிகிற புத்தகம் (2 நாளா. 36:22,23). அதாவது, பாபிலோன் சிறையிருப்புக்குப் பிற்பட்ட மக்களின் கைகளில் கொடுக்கப்பட்டது. தாவீதின் ராஜ்யம் போய், பெர்சியப் பேரரசின் ஒரு சிறு மாகாணமாக யூதா சுருங்கிக் கிடந்த காலம். அந்த மக்கள் எல்லை விரிவாகவேண்டும் என்ற விண்ணப்பத்தை வாசித்தபோது இரண்டாவது பிளாட்டை நினைத்திருக்க மாட்டார்கள். நிற்க ஓர் இடம், உழ ஒரு நிலம் என்றே கேட்டிருப்பார்கள்.

யூதர்கள் இம்மனிதனை வேறுவிதமாகவும் போற்றினார்கள். 1 நாளாகமம் 2:55-ல் யாபேஸ் என்பது எழுத்தர் குடும்பங்கள் குடியிருந்த ஓர் ஊரின் பெயராகவும் வருகிறது. அதனாலோ என்னவோ, தால்முத் அவனை நியாயாதிபதியான ஒத்னியேலோடு ஒன்றாக்கி, இஸ்ரவேலில் வேதப் போதனையைப் பரப்பிய ஆசிரியன் என்கிறது. 1492-ல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டபோது நாடிழந்து சென்றவர்களில் யோசேப்பு யாபேஸ் என்ற போதகரும் ஒருவர். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் அல்டோனா நகரில் வாழ்ந்த ரபி யாக்கோபு எம்டன், தம்முடைய பெயரையும் தகப்பன் பெயரையும் சுருக்கி இதே பெயரால் அறியப்பட்டார். ஆனால் பிள்ளைகளுக்கு இடும் முதற்பெயராக இது பரவியது யூதர்களிடம் அல்ல. இங்கிலாந்தின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடம்தான்.

ஆங்கிலச் சிற்றாலயங்களில்

சீர்திருத்தத்துக்குப் பின் பியூரிட்டன் குடும்பங்கள் பரிசுத்தவான்களின் பழைய பெயர்களை விட்டு, பழைய ஏற்பாட்டுக்குள் தேடத் தொடங்கின. அப்படிக் கண்டெடுத்த பெயர்களில் ஒன்று ஜாபேஸ். யோவானையோ யாக்கோபையோ போல அது என்றும் பெருகவில்லை. மெதடிஸ்டுகள், பாப்டிஸ்டுகள் போன்ற எளிய ஜெபக்கூட்டத்தாரின் வீடுகளில் தங்கிய பெயர் அது.

அது எப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்தது என்பதற்கு அருமையான சாட்சி ஒன்று உண்டு. 1769-ல் ஜான் வெஸ்லி அமெரிக்காவுக்கு அனுப்பிய முதல் ஊழியர்களில் ஒருவர் ரிச்சர்ட் போர்ட்மன். கப்பலேறப் போகும் வழியில் டெர்பிஷயரிலுள்ள மோனியாஷ் என்ற சிற்றூரில் அவர் பிரசங்கித்தார். எடுத்துக்கொண்ட வசனம் யாபேசைப் பற்றியது. கேட்டுக்கொண்டிருந்த மேரி ரெட்ஃபெர்ன் என்ற இளம்பெண் அன்று இரட்சிக்கப்பட்டாள். பத்து ஆண்டுகள் கழித்து, 1779-ல், மான்செஸ்டரில் தனக்கு மகன் பிறந்தபோது அந்த நாளை நினைத்து அவனுக்கு ஜாபேஸ் என்று பெயரிட்டாள். அவர்தான் ஜாபேஸ் பன்டிங். நான்குமுறை மெதடிஸ்ட் மாநாட்டின் தலைவராயிருந்தவர். கண்டிப்பானவர், "மெதடிஸ்டுகளின் போப்பு" என்று எதிராளிகள் கேலிசெய்யும் அளவுக்கு அதிகாரம் செலுத்தியவர். அவரைப் பற்றி எல்லாரும் நல்லதே சொல்லவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நமக்கு அவரிடம் ஒரு கடன் உண்டு. 1813 அக்டோபரில் லீட்ஸ் நகரில் மெதடிஸ்டுகளின் மிஷனெரிச் சங்கத்தை எழுப்ப முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆண்டின் இறுதியில் தாமஸ் கோக் தலைமையில் ஒரு குழு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. கோக் நடுக்கடலிலேயே மரித்தார். மற்றவர்கள் 1814-ல் பம்பாயில் இறங்கி, பின்பு இலங்கைக்குச் சென்றார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து, 1817-ல் சென்னைக்கு வந்தார். மெதடிஸ்டுகளின் ஊழியம் தமிழரிடையே வேரூன்றிய வழி இதுவே.

பெயர் மட்டும் ஒருவனைக் காப்பாற்றாது என்பதற்கும் அதே நாட்டில் சாட்சி உண்டு. ஜாபேஸ் ஸ்பென்சர் பால்ஃபோர் 1843-ல் பிறந்தவர். தாயார் கிளாரா லூக்கஸ் பால்ஃபோர் மதுவிலக்குக்காக ஊர் ஊராகப் பேசிய நற்பெயர் பெற்ற அம்மையார். மகன் பாராளுமன்ற உறுப்பினரானார். லிபரேட்டர் என்ற வீட்டுக்கடன் சங்கத்தை நடத்தினார். அவர் சபைப் பின்னணி உள்ளவர் என்ற நம்பிக்கையில் எளிய விசுவாசக் குடும்பங்கள் தங்கள் சேமிப்பை அங்கே கொட்டின. போதகர்களே முகவர்களாயிருந்து பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். 1892-ல் சங்கம் கவிழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் கைப்பொருளை இழந்தார்கள். அர்ஜென்டினாவுக்கு ஓடிய பால்ஃபோர் பிடித்துக் கொண்டுவரப்பட்டு, 1895-ல் 14 ஆண்டு தண்டனை பெற்றார். சபை வாசலில் சீட்டு நடத்துகிறவர்களை நம்பும் நம் ஜனங்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை வாசிப்பது நல்லது.

அக்காலத்துக்குள்ளாகவே இப்பெயர் பழமையாக ஒலிக்கத் தொடங்கியிருந்தது. 1891-ல் கோனன் டாயில் எழுதிய ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் ஏமாற்றப்படும் அடகுக்கடைக்காரரின் பெயர் ஜாபேஸ் வில்சன். 1936-ல் அமெரிக்கர் ஸ்டீபன் வின்சென்ட் பெனே எழுதிய கதையில் பிசாசுக்குத் தன் ஆத்துமாவை விற்கும் விவசாயி ஜாபேஸ் ஸ்டோன். பழங்காலத்து மனிதன் என்று காட்டவேண்டுமானால் கதாசிரியர்களுக்கு அந்தப் பெயர் கைகொடுத்தது.

கைக்குழந்தையாய் இந்தியாவுக்கு வந்த ஜாபேஸ்

இந்தியாவுக்கு வந்த ஜாபேஸ்களில் ஒருவரை நாம் அறிந்தே ஆகவேண்டும். அவர் செராம்பூர் வில்லியம் கேரியின் மகன்.

கேரி இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தபோது மனைவி டாரதி மறுத்துவிட்டார். மறுத்ததற்காக அவரைக் குற்றப்படுத்துகிற பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அவர் நிலையை எண்ணிப்பாருங்கள். ஏற்கெனவே இரு பெண்பிள்ளைகளை அடக்கம் செய்தவர். மூன்று பையன்கள் கையில், வயிற்றில் நிறைகர்ப்பம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் யுத்தம் தொடங்கியிருந்த நேரம். மூத்தவன் ஃபீலிக்சை மட்டும் அழைத்துக்கொண்டு கணவர் கப்பலேறப் புறப்பட்டார். அனுமதிச்சீட்டு இல்லாததால் வைட் தீவருகே கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்த இடைவெளியில், 1793 மே மாதத்தில், டாரதிக்குப் பிள்ளை பிறந்தது. அவன்தான் ஜாபேஸ்.

திரும்பிவந்த கேரி மறுபடியும் அழைத்தபோது, தன் தங்கையும் உடன் வருவதானால் வருகிறேன் என்று டாரதி சம்மதித்தார். ஜூன் 13-ஆம் தேதி ஒரு டேனிஷ் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. பிள்ளைக்கு அப்போது வயது வாரக்கணக்கில்தான். நவம்பர் 11 அன்று கல்கத்தாவில் இறங்கினார்கள். மறு ஆண்டிலேயே ஐந்து வயது பீட்டர் வயிற்றுக்கடுப்பில் மரித்தான். டாரதியின் மனம் கலங்கிப்போனது. 1807-ல் மரிக்கும்வரை அவர் தெளியவில்லை. செராம்பூரின் அச்சகத்தையும் மொழிபெயர்ப்புகளையும் பேசுகிற நாம், அந்த வீட்டின் உள்ளறையில் ஒரு தாய் பட்ட வேதனையை அதே மூச்சில் பேசுவதில்லை.

அந்த வீட்டில் வளர்ந்த ஜாபேஸ் கேரி கல்கத்தாவில் வழக்கறிஞர் தொழில் பயின்றார். வருமானமுள்ள அந்த வழியை விட்டுவிட்டு, 1814-ல் ஊழியத்துக்கென்று பிரதிஷ்டை செய்யப்பட்டு, மொலுக்கா தீவுகளிலுள்ள அம்பாயினாவுக்குச் சென்றார். தீவு டச்சுக்காரரிடம் திரும்பச் சென்றபின் இந்தியாவுக்கு வந்து, ராஜபுதனத்தின் அஜ்மீர்ப் பகுதியில் பள்ளிக்கூடங்களை ஏற்படுத்தும் பணியை ஏற்றார். எல்லை விரிவாக்கம் என்று இதையும் சொல்லலாம். அதற்கு அவர் வருமானத்தில் பெரும்பங்கைக் கொடுக்கவேண்டியிருந்தது.

2000-க்குப் பின்

மறக்கப்பட்டுக்கொண்டிருந்த பெயரை உலகமெங்கும் மறுபடியும் உச்சரிக்கச் செய்தது ஒரு சிறு புத்தகம். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கரான புரூஸ் வில்கின்சன் வெளியிட்ட "த பிரேயர் ஆஃப் ஜாபேஸ்" நூறு பக்கங்களுக்கும் குறைவானது; ஏறத்தாழ 90 லட்சம் பிரதிகள் விற்றது. அதன் அலை நம் கன்வென்ஷன் மேடைகளையும் வந்தடைந்தது. காலண்டரிலும் கார் கண்ணாடியிலும் யாபேசின் ஜெபம் ஏறிற்று. பிரதிஷ்டை ஆராதனைகளில் இப்பெயரை நாம் அதிகம் கேட்கத் தொடங்கியதும் அதன்பின்தான். ஆசிரியரின் நோக்கம் ஊழிய எல்லையின் விரிவு. கேட்டவர்களில் பலர் வீட்டின், வியாபாரத்தின் எல்லையை எண்ணிக்கொண்டார்கள். வில்கின்சன் தாமே பின்னர் ஆப்பிரிக்காவுக்குச் சென்று, இன்று எஸ்வாட்டினி எனப்படும் சுவாசிலாந்தில் 10,000 அநாதைப் பிள்ளைகளுக்குக் குடியிருப்பு அமைக்கப் பெரும் திட்டம் வகுத்தார். அது நிறைவேறாமல் 2005-ன் இறுதியில் விலகிக்கொண்டார். கேட்டதெல்லாம் கேட்டபடியே கிடைப்பதில்லை என்பதை அந்த ஜெபத்தைப் பிரபலமாக்கியவரும் கண்டார்.

தமிழருக்கு இப்பெயர் பிடித்துப்போனதற்குப் புத்தகம் மட்டும் காரணமல்ல என்பது என் எண்ணம். நம் செவிக்கு அதில் "ஜெபம்" கேட்கிறது. ஜெபராஜ், ஜெபசிங், ஜெபக்குமார், ஜெபமணி என்று பெயரிட்டுப் பழகிய ஜனம் நாம். ஆகவே ஜாபேஸ் நம் நாவில் எளிதாக ஜெபேஸ், ஜெபஸ் ஆகிவிடுகிறது. எபிரெயச் செவிக்கு வேதனையாய்க் கேட்ட பெயர் தமிழ்ச் செவிக்கு ஜெபமாய்க் கேட்கிறது! நம் வேதாகமத்திலுள்ள "யாபேஸ்" என்ற வடிவமே மூலத்துக்கு நெருக்கமானது. "ஜ" ஆங்கிலத்தின் வழியாக வந்தது. வடநாட்டில் வாழ்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தியில் "ஜேப்" என்றால் சட்டைப்பை. ஜெபேஸ் என்று பள்ளியில் சேர்த்த பிள்ளையை வகுப்புத் தோழர்கள் பையைத் தட்டிக் கேலிசெய்ய வாய்ப்புண்டு. இந்தி வேதாகமத்திலும் "யாபேஸ்" என்ற வடிவமே இருப்பதால், யாபேஸ் என்றே பெயரிட்டால் எம்மொழியிலும் சிக்கலில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், பெயருக்கு அஞ்சி எண் சோதிடரிடம் செல்வது. விசுவாசக் குடும்பங்களிலும் இது நடக்கிறது. துக்கத்தின் பெயராயிருக்கிறதே, ஓர் எழுத்தைக் கூட்டினால் பலன் மாறும் என்று யாரோ சொல்ல, ஆங்கிலத்தில் "ஏ" இரண்டாகிறது, கடைசி "இஸட்" மாறி "எஸ்" ஆகிறது. யாபேஸ் எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இஸ்ரவேலின் தேவனை நோக்கிக் கூப்பிட்டான். பெயருக்கு அஞ்சி எழுத்தை மாற்றுவதும், பெயரை வைத்தாலே எல்லை விரியும் என்று நம்புவதும் ஒரே அவிசுவாசத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கர்த்தரிடம் கேட்டுப் பெற்ற நினைவாக, அல்லது மேரி ரெட்ஃபெர்னைப்போலத் தான் இரட்சிக்கப்பட்ட நாளின் நினைவாக இப்பெயரை இடுவாளானால், அவளைத் தடுக்க ஊரில் எந்தப் பெரியவருக்கும் நியாயமில்லை.

பெயரிடத் தீர்மானித்தவர்களுக்குச் சில நடைமுறைக் காரியங்கள். மருத்துவமனையில் பிறப்பைப் பதியும்போதே பெயர் முடிவாகவில்லை என்றால் கலங்கவேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவு விதிகளின்படி, பதிவான நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2023-ன் சட்டத் திருத்தத்தின்படி, 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பாஸ்போர்ட் விண்ணப்பம் பெயரையும் குடும்பப்பெயரையும் தனித்தனியே கேட்கும். இனிஷியலைச் சுருக்காமல் தகப்பன் பெயரை முழுமையாக எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்களை முதலிலேயே தீர்மானித்து, பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு ஆகிய மூன்றிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று சரிபாருங்கள். பிறப்புப் பதிவுப் படிவத்தில் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் இருப்பதுபோலத் தாயின் பெயருக்கும் ஒரு கட்டம் உண்டு. அதையும் எழுத்துப்பிழையின்றி நிரப்புங்கள்.